எட்டுக் கூண்டும் ஒரு கறுப்புப் பறவையும்

முன்பொரு காலத்தில் ஏலமலை நாட்டை வீரகேளன் என்றொரு ராஜா ஆண்டான். ஆண்டான் என்பது பேச்சுக்குத்தான். காலையில் ஓர் ஆசை, மத்தியானம் ஒரு கோபம், அவ்வளவே அவன் ராஜ்யபாரம்.

கோடைக்குக் காட்டு மாளிகையில் வந்து தங்கி ஒரு மாதமாகியிருந்தது. ஒரு விடியலில் ஜன்னலோரத்து வேங்கை மரத்திலிருந்து விதவிதமாய்க் குரல்கள் கேட்டன. ஆஸ்தானப் பண்டிதர் அநந்தகீர்த்தி படுக்கையைவிட்டு இறங்காமலே, "கிளி, மயில், வல்லூறு" என்று தொடங்கி எட்டுப் பெயர் அடுக்கிவிட்டார்.

"எட்டும் எனக்கு வேண்டும்" என்றான் ராஜா.

அந்தக் காட்டில் தேனெடுக்கிற கொம்பி என்பவளிடம் எட்டுக் கூண்டைக் கொடுத்தார்கள். மூன்று நாளில் அவை நிறையாவிட்டால் அவள் ஜனம் காட்டைவிட்டே போகவேண்டும்.

"அது எட்டு இல்லை ராஜா. ஒன்றுதான். கறுப்பாய் மினுங்கும்" என்றாள் கொம்பி.

பண்டிதர் சிரித்தார். "கறுப்பென்றால் காக்கை. தேன் நக்குகிற வாய்க்குச் சாஸ்திரம் எதற்கு?"

கொம்பிக்குக் கோபம் வந்தது. காட்டிக்கொள்ளவில்லை. "சாமி காது தப்புமா? நாளை விடியலில் சாமி மரத்தடியில் கண்ணை மூடி நின்று பெயர் சொல்லட்டும். ராஜா மேலே பரணில் என்னோடு உட்கார்ந்து பார்க்கட்டும். எட்டு இருந்தால் நாங்களே போய்விடுகிறோம்."

மறுநாள் ராஜா பரணேறினான். எதிர்க்கிளையில் ஒரே ஒரு பறவை. எண்ணெய் பூசியதுபோல் கறுப்பு, நெற்றியில் குடுமி, வாலில் இரண்டு கம்பி, ஒவ்வொரு கம்பி நுனியிலும் இலைபோல் ஓர் இறகு. அது கீச்சிட்டது.

"கிளி" என்றார் கீழே கண்மூடி நின்ற பண்டிதர்.

அதே வாய் அகவியது.

"ஆண் மயில். வயது மூன்று."

பிறகு அது வல்லூறு மாதிரி வீறிட்டது. தரையில் மேய்ந்த தவிட்டுக்குருவிகள் புழுவைப் போட்டுவிட்டுச் சிதறின. பறவை பாய்ந்து புழுவை விழுங்கிவிட்டுக் கிளைக்குத் திரும்பியது.

"ஏன் இப்படி?" என்று ராஜா கிசுகிசுத்தான்.

"பயங்காட்டிப் பிழைக்கிறது ராஜா. அரண்மனையில் இல்லாததா?"

அடுத்து அது கரகரவென்று எதையோ காறித் துப்புவதுபோல் ஒரு சத்தம் போட்டது.

பண்டிதர் மூக்கைச் சுளித்தார். "இது ஈனப்பிறவி. பிணந்தின்னி. பெயரைச் சொன்னால் நாக்கு கெட்டுப்போகும்."

ராஜா சிரித்த சிரிப்பில் பரண் ஆடியது. "ஓய், தினம் விடியலில் நீர் தொண்டை செருமுகிற சத்தமய்யா அது. ஒரு மாதமாய்க் கேட்டுப் படித்திருக்கிறது."

காடு தேனெடுக்கிறவர்களுக்கே என்று ராஜா அங்கேயே சொன்னான். அவன் மனசு மாறுமுன் அதை ஓலையில் எழுதி முத்திரை வைக்கச் செய்தாள் கொம்பி. பண்டிதர் ஒரு வருஷம் சபையில் வாய் திறக்கக்கூடாது என்றும் உத்தரவாயிற்று.

எல்லாரும் போனபின் அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கொம்பியிடம் வந்தார்.

"அதன் பெயர் என்ன?"

"கரிச்சான், சாமி. முதல் நாளே கேட்டிருக்கலாம்" என்றாள் அவள்.