பச்சை விழாத பலகை

“எண்பது தடவை பச்சை விழுந்துச்சு டீச்சர். அதே ஆட்டம் பலகையில வந்தப்ப கை கொடுத்துட்டு எந்திரிச்சு வந்துட்டேன். ஏன்?”

இருதயராஜுக்கு ஐம்பத்தொரு வயது. திண்டுக்கல்லில் நில அளவையர். அவர் டீச்சர் என்று கூப்பிட்ட தாஹிராவுக்கு இருபத்தொன்பது. பேகம்பூரில் ஒரு மாடி அறையில் சதுரங்கம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

“உக்காருங்க சார். யாருக்குக் கை கொடுத்தீங்க?”

மதுரை அணிக்காரர் ஒருவருக்கு. அரசு ஊழியர்களுக்கான கோப்பை, கடைசிச் சுற்று, கடைசிப் பலகை. எதிராளியிடம் ஒரு யானையும் ஒரு சிப்பாயும் இருந்தன. இருதயராஜிடம் யானை மட்டும். சிப்பாய் இன்னும் மூன்று கட்டம் போனால் ராணி. இனி ஒன்றும் செய்ய முடியாது என்று பட்டது. கடிகாரத்தை நிறுத்திவிட்டு, தோற்றதாக ஒப்புக்கொண்டு கையை நீட்டினார்.

வீட்டுக்கு வந்து அந்த நிலையைக் கைபேசியில் வைத்துப் பார்த்தார். பலகையில் ஏழு காய்க்குள் இருந்தால் போதும், முடிவு என்னவென்று பிசகாமல் சொல்லிவிடும் இணையதளம் அது. ஒரு நொடிகூட ஆகவில்லை.

‘டிரா’ என்றது.

அந்த அரைப் புள்ளி வந்திருந்தால் கோப்பை திண்டுக்கல்லுக்கு. அணித்தலைவர் குணசீலன் அன்றிலிருந்து அவரோடு பேசவில்லை. ஒரே அலுவலகம், எதிரெதிர் மேசை.

“போட்டிக்கு முன்னால மாசக்கணக்கா அதே நிலையைத்தான் டீச்சர் பழகினேன்.”

“எப்படிப் பழகுவீங்க? காட்டுங்க.”

கைபேசியில் பயிற்சிப் பக்கத்தைத் திறந்தார். ‘வெள்ளை ஆடி டிரா செய்யவும்’ என்று மேலே எழுதியிருந்தது. யானையை நகர்த்தினார். சிவப்பு. காய் தானாகப் பழைய இடத்துக்கு வந்து நின்றது. வேறு கட்டத்தில் வைத்தார். பச்சை. அடுத்ததும் பச்சை. அதற்கடுத்தது சிவப்பு, உடனே பச்சை.

தாஹிரா திரையைப் பார்க்கவில்லை. அவருடைய கட்டை விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மரப்பலகையை எடுத்து அதே நிலையை அடுக்கினார்.

“ஆடுங்க.”

இருதயராஜ் யானையை நகர்த்தினார். விரலை அதன் தலையிலிருந்து எடுக்காமல் காத்திருந்தார்.

எதுவும் நடக்கவில்லை.

“சரிங்களா டீச்சர்?”

டீச்சர் தன் ராஜாவை நகர்த்தினார்.

எட்டாவது நடையில் சிப்பாய் ராணி ஆயிற்று.

“எங்க தப்பு விட்டேன்?”

“வேற ஒண்ணு வைப்போம்.”

அன்றைய பாடம் அவ்வளவுதான். அடுத்த வாரமும் அவ்வளவுதான்.

மூன்றாவது வாரம் இருதயராஜ் ஒன்றைக் கண்டுபிடித்தார். அவர் தப்பாக வைத்தால் டீச்சரின் கை சட்டென்று பலகைக்கு வருகிறது. சரியாக வைத்தால் டீச்சர் நாற்காலியில் சாய்ந்துகொள்கிறார். அதன்பிறகு காயைக் கட்டத்தில் வைத்தும் விடாமல், பிடித்தபடியே டீச்சரின் தோளைப் பார்த்தார். தோள் முன்னால் வந்தால் காயைத் திருப்பி எடுத்துக்கொண்டார். அன்று மூன்று ஆட்டம் டிரா. படியிறங்கும்போது விசிலடித்துக்கொண்டு போனார்.

நான்காவது வாரம் தாஹிரா நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு, பலகைக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டார்.

“நடையை வாயால சொல்லுங்க சார். நானும் சொல்றேன். என் காயையும் நீங்களே நகர்த்திடுங்க.”

எல்லா ஆட்டமும் இருதயராஜ் தோற்றார். கடைசி ஆட்டம் முடிந்ததும் காய்களை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார்.

“பதில் உங்களுக்குத் தெரியுது. போனுக்கும் தெரியுது. எனக்குச் சொன்னா என்ன குறைஞ்சிடும்? ஞாயித்துக்கிழமை தேனியோட ஆட்டம். அங்கயும் இப்படி யாரோட முதுகையாவது பாத்துக்கிட்டுத்தான் ஆடணுமா?”

“அங்க எதைப் பாத்து ஆடுவீங்க சார்?”

இருதயராஜ் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

தேனி ஆட்டத்துக்குத் தன்னைச் சேர்க்க மாட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்திருந்தார். ஆனால் பட்டியல் வந்தபோது கடைசிப் பலகையில் அவர் பெயர் இருந்தது. “வேற ஆள் கிடைக்கல” என்றார் குணசீலன். இரண்டு மாதத்தில் அவர் பேசிய முதல் பேச்சு.

நான்கு மணி நேரம், அறுபது நடை போனது. பலகையில் ஏழு காய்கள் மிஞ்சின. எதிராளியிடம் ராஜா, யானை, இரண்டு சிப்பாய். இருதயராஜிடம் ராஜா, யானை, ஒரே சிப்பாய்.

எதிராளியின் முகத்தைப் பார்த்தார். கல் மாதிரி இருந்தது. நடுவரைப் பார்த்தார். அவர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். ஒரு சிப்பாய் குறைவு, எத்தனை நேரம் தாங்கும் என்று மனசு சொன்னது. கை மெல்லக் கடிகாரத்துக்குப் போனது.

இது தோல்வி என்று இதுவரை யாரும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். பலகையைப் பார்த்தார்.

மற்ற ஆட்டங்கள் எல்லாம் முடிந்தன. நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினார்கள். தொண்ணூற்றொன்றாவது நடையில் இருதயராஜ் தோற்றார். நிமிர்ந்தபோது பக்கத்தில் குணசீலன் உட்கார்ந்திருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

வெளியே டீ வாங்கிக் கொடுத்துவிட்டுக் குணசீலன் சொன்னார்:

“அறுபதாவது நடையிலயே முடிஞ்சிரும்னு நெனச்சேன்யா.”

“நானுந்தான்.”

மறுநாள் சாயங்காலம் ஆட்டம் எழுதிய தாளோடு மாடியேறினார்.

“தோத்துட்டேன் டீச்சர்.”

“எத்தனாவது நடையில?”

“தொண்ணூத்தி ஒண்ணு.”

“போன்ல போட்டுப் பாத்தாச்சா?”

“இல்ல. உங்ககிட்ட கேட்டுட்டுப் பாக்கலாம்னு வெச்சிருக்கேன்.”

தாஹிரா தாளை வாங்கி, அறுபதாவது நடையில் இருந்தபடி காய்களை அடுக்கினார். நாற்காலியை இழுத்துப் போட்டுப் பலகைக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். இருவரும் ஆடினார்கள்.

அரை மணி ஆயிற்று. தாஹிரா கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்து மாட்டினார். ராஜாவைத் தொடப் போனவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். “அது ஆகாது” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். யானையை நகர்த்தினார். நகர்த்திய பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டார்.

இருதயராஜ் அந்த முகத்தையே பார்த்தார்.

“டீச்சர், இது டிராதானே? உங்களுக்குத் தெரியும்ல?”

“தெரியாது சார்.”

“அப்ப இத்தன வாரமா வெச்சீங்களே, அதெல்லாம்?”

“பாதி தெரியும். பாதி தெரியாது.”

“போன்ல பாத்திருக்கலாமே?”

“பாக்கலாம். ராத்திரி பாத்துக்குவேன்.”

தாஹிராவின் கண் பலகையை விட்டு எழவில்லை.

“உங்க நடை சார்.”