மறுபதிப்பில் திரும்பிய ஆறு

பேராசிரியர் தனுஷ்கோடி தம் புத்தகங்களையும் காகிதங்களையும் பல்கலைக்கழக நூலகத்துக்குக் கொடுத்துவிட முடிவு செய்தார். சாயங்காலம் வண்டி வரும் என்றார்கள். கட்டி வைக்கப் பூங்கோதை வந்திருந்தாள். ஒரு காலத்தில் அவருடைய மாணவி, இப்போது தமிழ்த்துறைத் தலைவி. அவளுக்கே தலை பாதி நரைத்துவிட்டது.

ஏட்டிலிருந்து அவள் பதிப்புக்குத் தயாரித்த குறவஞ்சி ஒன்று, பல வருஷமாக அச்சேறாமல் அவள் கைப்பையிலேயே ஊர் சுற்றிக்கொண்டிருந்தது. இந்த மாதமும் தராவிட்டால் இனிமேல் கேட்கவே மாட்டேன் என்று அச்சகத்துக்காரர் அன்று காலைதான் போனில் சொல்லியிருந்தார்.

விருதுகளும் பொன்னாடை போர்த்திய படங்களும் ஒரு துணிக்கடைப் பையில் அடங்கிவிட்டன. பெரிய தகரப்பெட்டி மட்டும் அசைய மாட்டேன் என்றது.

"இதுல என்ன சார் இருக்கு, இந்தக் கனம் கனக்குது?"

"திறந்து பாரேன்."

உள்ளே கட்டுக்கட்டாக அஞ்சலட்டைகள். பாராட்டாகத்தான் இருக்கும் என்று நினைத்து, மேலே இருந்ததைச் சத்தமாகவே படித்தாள்.

'ஐயா, தங்கள் உரையில் தாமிரபரணியை வடக்கே ஓட விட்டிருக்கிறீர்கள். அது கிழக்கே ஓடுகிறது. நேரமிருந்தால் ஒருமுறை வந்து பார்க்கவும்.'

அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அடுத்த அட்டையை எடுத்தாள், அதிலும் ஒரு பிழை. அவருடைய பதிப்புகளில் வாசகர்கள் கண்ட குற்றங்களெல்லாம் அந்தப் பெட்டியில்தான் இருந்தன.

"போய்ப் பாத்தீங்களா சார்?"

"போனேன். கிழக்கேதான் ஓடுச்சு. மறுபதிப்புல திருப்பி விட்டுட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு போய்ப் பயம் வந்தது.

"இதையுமா நூலகத்துக்குக் குடுக்கப்போறீங்க? நாளைக்கு எவனாவது இதை வச்சே உங்களைக் கிழிச்சுடுவான் சார்."

"பிழை இருக்கிற புத்தகத்தையெல்லாம் அழகா அடுக்கி வச்சிருக்க. திருத்தம் இருக்கிற பெட்டியை மட்டும் ஒளிக்கச் சொல்றியே."

பூங்கோதை அட்டைகளைப் பழையபடி கட்டினாள். முடிச்சு சரியாக விழவில்லை. அவிழ்த்து மறுபடி போட்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"இத்தனை பேர் குத்திக் காட்டின பிறகும், அடுத்த புத்தகத்தைக் குடுக்க எப்படி சார் மனசு வந்துச்சு? எனக்கு ஒரு சொல்லைச் சரியா வாசிச்சேனான்னு சந்தேகம் வந்தாலே போதும், கையெழுத்துப் படியைத் திரும்ப எடுத்து உள்ளே வச்சுடுறேன்."

அவர் மேசை மேலிருந்த புதுக் கோப்பு ஒன்றை எடுத்தார். அதன் முதுகில் பட்டைப் பேனாவால் என்னவோ எழுதினார். அவள் பக்கம் தள்ளினார்.

அவளுடைய குறவஞ்சியின் பெயர் எழுதியிருந்தது. அதன் கீழே, 'வந்த திருத்தங்கள்.'

ஆவலோடு திறந்தாள். உள்ளே ஒரு தாள்கூட இல்லை.

"ஒண்ணுமே இல்லையே சார்."

"எப்படி இருக்கும்? உன் புத்தகத்தை உன்னைத் தவிர யாரும் படிக்கலையேம்மா."