நெடுமேட்டில் வளைந்த வழி

துறைமுகத்திலிருந்து பெருவழி நூல் பிடித்தாற்போல் நேராக வந்துகொண்டிருந்தது. நெடுமேட்டை நெருங்கியதும்தான் வளைந்தது. மேட்டை விட்டு விலகி, தெற்கே பரந்து கிடந்த ஆம்பல் கழிக்குள் இறங்கி, சதுப்பின் நடுவே நெடுந்தூரம் போய் மறுகரை ஏறியது.

அந்த வழி இன்னும் மண்ணில் இல்லை. பூதியின் மனத்தில்தான் இருந்தது. அரசரின் பெருவழிகள் போகும் தடத்தை நூல் போட்டு அளந்து, அடையாளத்துக்கு மரமுளை அடிப்பவர் அவர். மறுநாள் காலையில் அதிகாரி வருவார். பூதி கைகாட்டும் இடத்தில் முளைகள் இறங்கும். முளை இறங்கிவிட்டால் அப்புறம் மாற்ற முடியாது. மண் சுமப்பவர்கள் பின்னாலேயே வந்துவிடுவார்கள்.

பொழுது சாய இன்னும் நேரம் இருக்கும்போது அவர் நெடுமேட்டின் மேலிருந்த சமணப் பள்ளிக்கு ஏறினார். தோளில் முளைக்கட்டும் அவற்றை அடிக்கும் மரக் கொட்டாப்புளியும் தொங்கின.

பள்ளியின் ஆசிரியை ஒரு துறவி. நெடுமேட்டுக் குரத்தியார் என்று அழைத்தார்கள். பூதியைவிடப் பத்து வயதாவது இளையவர். அவரிடம் நோன்பு ஏற்ற நாளிலிருந்து பூதி ஓர் எறும்பைக்கூட மிதித்ததில்லை என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். பூதியும் அதை மறுத்ததில்லை.

“வாரும், பூதி. முகம் கறுத்திருக்கிறதே.”

“வெயில், அடிகளே.”

“வெயில் போன மாதமும்தான் இருந்தது.”

பூதி முளைக்கட்டை இறக்கிவைத்து அமர்ந்தார். “ஒரு சந்தேகம். கழிக்குக் குறுக்கே கரை போட்டு அதன்மேல் வழி அமைக்கிறோம். தண்ணீர் போவதற்குக் கரையில் எத்தனை கண் திறந்துவிட வேண்டும்?”

“வழி போடுகிறவர் நீர். என்னைக் கேட்கிறீரே.”

“முன்பு கூர்வாய்க் கழியில் கரை போட்டபோது ஏழு கண் விட்டேன். கோடையில் நூல் போட்டபோது அங்கே ஏழு ஓடைகள் தெரிந்தன. ஓடைக்கு ஒரு கண். மழைக்காலத்தில் அது போதவில்லை.”

“போதவில்லை என்றால்?”

“போதவில்லை.”

முற்றத்தின் மறுபுறம் ஒரு பெண் வரகு குத்திக்கொண்டிருந்தாள். அவளுடைய உலக்கை ஒரு கணம் நின்றது. மறுபடி விழுந்தது.

“வழியே வேண்டாம் என்று சொல்ல முடியாதா?” என்றார் குரத்தியார்.

“முடியாது, அடிகளே. இப்போது எல்லோரும் தோணியில்தான் கடக்கிறார்கள். காற்று மாறினால் கவிழ்கிறது. போன ஐப்பசியில் ஒரு கல்யாணக் கூட்டமே போய்விட்டது. வழி வேண்டும்.”

“சரி. வேண்டும்.”

“இம்முறை கண்களை இரட்டிப்பாக்கலாம் என்று பார்க்கிறேன். கரையின் அகலத்தையும் குறைப்பேன். வண்டிகள் இரண்டு ஒதுங்கிப் போகும் அளவு போதும். யானைப் படைக்கென்று கேட்கும் அகலம் வேண்டாம் என்று அரசரிடமே சொல்வேன்.” பூதியின் குரலில் மெல்ல ஊக்கம் ஏறியது. “இன்னும் ஒன்று. கரைக்கு அடியில் எவ்வளவு கழி அழிகிறதோ, அவ்வளவு பரப்பில் மேலூரில் ஒரு குளம் வெட்டித் தரச் சொல்வேன். கூடுதலாகவே கேட்கலாம். போனதும் வந்ததும் சரியாகிவிடும்.”

குரத்தியார் மூலையில் இருந்த குடத்தை எட்டிப் பார்த்தார்.

“புகலிடத்தில் இருவருக்குக் காய்ச்சல். குடம் காலியாக இருக்கிறது. தண்ணீர் கொண்டுவருவீரா?” என்றார்.

பூதி எழுந்தார். கேள்வியோடு வருகிறவர் வேலையோடு எழுந்து போவது அந்தப் பள்ளியில் புதிதல்ல.

பள்ளியின் பின்கட்டில் புகலிடம் இருந்தது. பிழைக்க வழியில்லாமல் அஞ்சி ஓடி வருகிறவர்கள் யாரானாலும் அங்கே தங்கலாம். எங்கிருந்து வந்தாய் என்று கேட்க மாட்டார்கள். கிணறு மேட்டின் கீழ்ச் சரிவில் இருந்தது. பூதி இறங்கிப் போய்த் தண்ணீர் இறைத்தார். குடத்தின் வாயில் வெள்ளைத் துணியைக் கட்டி, வடிகட்டி நிரப்பினார். துணியில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் சில உயிர்கள் தங்கின. ஒன்று நெளிந்தது. அந்தத் துணியை வடிகட்டிய தண்ணீரால் அலசி, அலசியதை எடுத்த கிணற்றிலேயே விட வேண்டும் என்பது பள்ளியின் முறை. பூதிக்குத் தெரியாததல்ல. ஆனால் குடத்தைத் தூக்கித் தோளில் வைத்துப் பாதிச் சரிவு ஏறிய பிறகுதான் துணி ஞாபகம் வந்தது. முழங்கால் வலித்தது. முற்றத்து ஓரத்தில் சிறிய குளம் இருந்தது. அதில் அலசிவிட்டார்.

“ஐயா, ஐயா!” வரகு குத்துகிற பெண் கூவினாள். “கிணத்து உசுரைக் கொண்டாந்து குளத்துல உட்டுட்டீங்களே!”

“அதுவும் தண்ணீர்தானே, அம்மா.”

“அப்படிங்களா? நாலும் தெரிஞ்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

அவள் உலக்கையை மறுபடி ஓங்கினாள். பூதி குடத்தை இறக்கிவைத்தார்.

“துணியை எங்கே அலசினீர்?” என்றார் குரத்தியார்.

“குளத்தில்.”

“எடுத்தது?”

“கிணற்றில். தவறுதான், அடிகளே. களைப்பு.”

“குளத்திலிருந்து அவற்றைத் திரும்ப எடுத்துக் கிணற்றில் விட்டு வாரும்.”

பூதி சிரித்துவிட்டார். குரத்தியார் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

“எப்படி எடுப்பது? இந்நேரம் மீன் தின்றிருக்கும்.”

“தின்றிருக்கும்,” என்றார் குரத்தியார்.

மேலூர்க் குளத்தைப் பற்றிப் பூதி அதற்குப்பின் பேசவில்லை.

வரகு குத்திய பெண் எழுந்து வந்து குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். ஏதாவது பேச வேண்டும் போலிருந்தது பூதிக்கு.

“உன் பேர் என்ன, அம்மா? எந்த ஊர்?”

“கொற்றி. கூர்வாய்.”

பூதி கையிலிருந்த ஈரத் துணியை மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார்.

“கூர்வாயில் எந்தப் பக்கம்?”

“கரைக்கு மேல்பக்கம். இப்ப அங்க பக்கமே இல்ல. தண்ணி நிக்குது. கீழ்பக்கம் போனீங்கன்னா ஒரு சொட்டு கிடையாது, வெடிச்சுக் கிடக்கு. அங்க இருந்தவங்க தண்ணியில்லாம போனாங்க, நாங்க தண்ணியால போனோம்.”

“அந்தக் கரையை நான்தான்...”

“தெரியுமே. இங்க வந்த புதுசுலயே கேட்டேன், மாசம் தவறாம வந்து கும்பிட்டுப் போறாரே, அந்த ஐயா யாருன்னு. அடிகள் சொன்னாங்க.”

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பூதிக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

“மழைக்காலம் வந்தா கழி முழுக்கத் தண்ணி நடக்கும், ஐயா. ஒரு இடம் விடாது. ஆனா முழங்கால் அளவுதான். புள்ளைங்க அதுல இறங்கி ஆமைக்குஞ்சு தேடும். கரை போட்ட வருசமும் என் மக அதே முழங்கால் தண்ணின்னுதான் இறங்கினா. கழி முழுக்க நடந்த தண்ணி ஏழு இடத்துல முட்டிக்கிட்டு ஓடுதுன்னு அவளுக்கு எப்படித் தெரியும்? ஏழாவது கண்ணு இழுத்துக்கிச்சு. மறுபக்கம் வருவான்னு ஓடிப்போய் நின்னோம். வரல. உள்ளாற சிக்கிக்கிட்டா.”

குரத்தியார் கண்களை மூடியிருந்தார்.

“ராவெல்லாம் தண்ணி ஏறுச்சு. பக்கத்து மேட்டுல அதிகாரியோட மாந்தோப்பு. அங்க ஏறி நின்னோம். மாங்கன்னு மிதிபட்டுப்போகும்னு காவக்காரன் வெரட்டினான்.” கொற்றி குடத்தைச் சரிசெய்துகொண்டாள். “உங்ககிட்ட ஒன்னு கேக்கணும். ரெட்டிப்பாக் கண்ணு விடப்போறீங்கன்னு காதுல விழுந்துச்சு. அதுல இழுக்காத கண்ணு எது? புள்ளைங்களுக்குச் சொல்லி வைக்கலாம்.”

பூதி தரையைப் பார்த்தார். கோடையில் நூல் போட்டால்தான் முளை நிற்கும், கால் புதையாது. அவருக்குக் கற்றுக்கொடுத்தவரும் கோடையில்தான் போட்டார். இதைச் சொல்ல வாய் வரை வந்து நின்றது.

“பூதி,” என்றார் குரத்தியார். “உமது வழியை எனக்கு வரைந்து காட்டும்.”

பூதி ஒரு குச்சியை எடுத்து முற்றத்து மணலில் கோடு இழுத்தார். துறைமுகம். உப்பளம். பனங்காடு. கோடு நேராக வந்தது. அப்புறம் வளைந்தது.

“இவ்வளவு தூரம் நேராக வந்திருக்கிறதே.”

“ஆம்.”

“இங்கே ஏன் வளைந்தது?”

“அங்கே தரை உயர்கிறது.”

“இந்த இடத்தில் என்ன இருக்கிறது?”

“மேடு. நாம் இருக்கும் இந்த மேடு.”

“மேடு வழிக்கு ஆகாதோ?”

“மேடுதான் வழிக்கு நல்லது. மண் கெட்டி, தண்ணீர் தங்காது...” பூதி நிறுத்தினார்.

“நேராக மேட்டின்மேலேயே போனால்?”

குச்சி பூதியின் கையில் அசையாமல் நின்றது. அவர் பொய் சொல்லாதவர். கேட்காதவரைக்கும் சொல்லாமல் இருப்பவர். இப்போது கேட்டாகிவிட்டது.

“மேடு முடிகிற இடத்தில் கழி கழுத்துப் போல் குறுகிவிடுகிறது. அங்கே நாலைந்து கல் தூண் நிறுத்தி, மேலே பலகைக்கல் பாவினால் போதும். கரையே வேண்டாம். ஒரு கூடை மண்கூடக் கழியில் கொட்ட வேண்டாம். தண்ணீர் இன்று போகிறபடியே போகும்.”

“இது உமக்கு எப்போது தெரிந்தது?”

“முதல் நாளே.”

“பிறகு?”

“பள்ளி இருக்கிறதே, அடிகளே!” பூதி குச்சியைக் கீழே போட்டார். “மேடு குறுகல். இரண்டு பக்கமும் செங்குத்து. வழி வந்தால் இந்த மண்டபத்தின் மேல்தான் வரும். புகலிடம் போகும். உங்கள் ஆசிரியர் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட பாறையையும் உடைக்க வேண்டிவரும். அதன்மேல் நூல் போட எனக்குக் கை வருமா? நோன்பு ஏற்றவன் செய்கிற காரியமா அது?”

குரத்தியார் எழுந்தார். முளைக்கட்டிலிருந்து ஒரு முளையை உருவி எடுத்துக்கொண்டு மண்டபத்தைத் தாண்டி நடந்தார். கால் வைக்கும் இடத்திலுள்ள சிற்றுயிர்களை மயிற்பீலியால் மெல்ல விலக்கிவிட்டே அடுத்த அடி வைத்தார். பூதி கொட்டாப்புளியை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். ஏன் எடுத்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. குடத்தோடு நின்ற கொற்றியும் வந்தாள்.

பாறை சிறியது. ஒரு மனிதர் படுக்கும் நீளம்தான். அதன் அடியில் எறும்புகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. குரத்தியார் அவை கடந்து முடியும்வரை காத்திருந்தார். பீலியால் அந்த இடத்தைக் கூட்டினார். முளையைப் பாறையை ஒட்டி மண்ணில் கிடத்தினார். அடிக்கவில்லை, மண்ணைத் தோண்டுவதும் குத்துவதும் துறவியின் கைக்கு ஆகாது.

கொற்றிக்கு விஷயம் புரிந்தது.

“அடிகளே, அப்ப நாங்க?”

“போக வேண்டும், கொற்றி.”

“எங்க?”

“தெரியவில்லை. நானும் உங்களோடு வருகிறேன்.”

கொற்றி புகலிடத்தின் கூரையைப் பார்த்தாள். அவள் சென்ற மாதம்தான் அதற்குப் புது ஓலை வேய்ந்திருந்தாள்.

“காய்ச்சக்காரங்களைத் தூக்கிக்கிட்டுப் போகணுமே,” என்றாள். அப்புறம் பூதியைப் பார்த்தாள். “பரவால்ல. போன தடவை எங்களுக்குத் தண்ணிதான் வந்து சொல்லுச்சு. இந்தத் தடவை மனுசங்க சொல்றாங்க.”

அவள் குடத்தோடு உள்ளே போனாள்.

பூதி பாறையின் முன் மண்டியிட்டார். கொட்டாப்புளி கையிலிருந்து நழுவி விழுந்தது.

“என்னால் ஆகாது, அடிகளே. வேறு என்ன சொன்னாலும் செய்கிறேன். இங்கே இருப்பவர்களை எனக்குத் தெரியும். ஒவ்வொரு முகமும் தெரியும். இதைச் சுற்றிப் போகாமல் எப்படிப் போவேன்?”

உள்ளே யாரோ இருமினார்கள். குவளையில் தண்ணீர் ஊற்றும் ஓசை கேட்டது.

குரத்தியார் பீலியை மடியில் வைத்துக்கொண்டு அவர் எதிரே அமர்ந்தார். பிறகு கேட்டார்:

“கூர்வாயில் எந்த மேட்டைச் சுற்றிப் போனீர், பூதி?”

பூதியின் கண்முன் அந்த மாந்தோப்பு மேடு வந்து நின்றது. அவர் குனிந்து, மண்ணில் கிடந்த கொட்டாப்புளியைத் தேடி எடுத்தார்.