கியர் ஆயிலுக்குக் குளிர் எடுத்த கல்யாணம்

கோணப்பாறைப்பட்டிக்காரர்கள் சொன்னதைச் செய்வார்கள். சொல்லாததைச் செய்யவே மாட்டார்கள். கொண்டல்சாமியின் கல்யாணத்துக்கு ஏற்காட்டுக்குப் பஸ்ஸிலேயே போயிருக்கலாமே என்று நீங்கள் இப்போது கேட்கிறீர்கள். அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

இருந்தது ஒரு கிழட்டு வேன். தானே கியர் மாற்றிக்கொள்ளும் ஜாதி. சமதரையில் தங்கம். மலை ஏறினால் கியர் ஆயில் கொதித்துப் பாதியில் படுத்துக்கொள்ளும். பெண்ணின் அப்பாவோ, "பத்து மணி முகூர்த்தம் தப்பிச்சுதுன்னா பொண்ணு என் அக்கா மகனுக்கு" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

மெக்கானிக் சூசை வேனின் மூக்கில் ஒரு கூலரை மாட்டிக் கொடுத்தார். "ஆயில் இதுக்குள்ள சுத்தி, காத்துல ஆறித் திரும்பிப் போகும். புதுக் குழாய், ஒழுகுதான்னு பாத்துக்கிட்டே போங்கப்பா."

மாப்பிள்ளைத் தோழன் வீரபாகு பாத்துக்கிட்டே போனான். எப்படி? வேனின் முன்பக்கம் பல்லியைப் போல ஒட்டிக்கொண்டு, கூலரில் மூக்கு இடிக்க, கண் கொட்டாமல். வேனுக்கு வரவேண்டிய காற்று முழுவதையும் அவன் முதுகு வாங்கிக்கொண்டது. முதல் வளைவிலேயே வண்டி படுத்துவிட்டது.

வண்டி ஓட்டிய சடையப்பன் இறங்கி வந்து யோசித்தான். "மலையில காத்து கம்மி மாப்ள."

"கம்மியா? எனக்கு முதுகு வெறைக்குதுடா" என்றான் வீரபாகு, கூலரை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

"அப்பக் காத்து உன்கிட்ட வரைக்கும் வருது. அதுக்கு மேல வரமாட்டேங்குது. காத்தைத் தள்ளிவிட ஆள் வேணும்."

மூவரும் இதை ஒப்புக்கொண்டார்கள். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சீர்வரிசைத் தாம்பாளத்தை எடுத்து, கொண்டல்சாமி வேனுக்கு முன்னால் பின்புறமாக நடந்தபடியே வீரபாகுவின் முதுகுக்கு விசிறத் தொடங்கினான். மாப்பிள்ளை நடக்கிற வேகத்தில் வேன் வந்தது. சூடு ஏறினால் நிறுத்தினார்கள், ஆறினால் ஏறினார்கள். பின்னால் வந்த லாரிக்காரர்கள் சொன்னதை இங்கே எழுத முடியாது.

முகூர்த்தத்துக்குக் கொஞ்ச நேரம் இருக்கும்போது மண்டப வாசலில் வந்து நின்றார்கள். மேலே ஒரே பனிமூட்டம். இன்ஜினை அணைத்து ஆறவிட்டபின் சடையப்பன் கூலரைத் தொட்டுப் பார்த்தான். ஜில்லென்றிருந்தது. முகம் வெளுத்துப்போய்ச் சூசைக்குப் போன் போட்டான்.

"ரொம்பக் குளிர்ந்தாலும் ஆகாதுப்பா. கெளம்பறதுக்கு முன்னாடி லேசா சூடு காட்டிடுங்க" என்றார் சூசை. இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிடுவதைத்தான் சொன்னார், பாவம்.

மண்டபத்தில் இருந்ததோ ஒரே ஒரு நெருப்பு. ஐயர் நெய் ஊற்றி வளர்த்துக்கொண்டிருந்தார். வீரபாகுவும் சடையப்பனும் ஹோமகுண்டத்தை அலுங்காமல் தூக்கி வந்து வேனுக்கு அடியில் வைத்தார்கள்.

"அடப்பாவிகளா!" என்று பெண்ணின் அப்பா ஓடி வந்தார். "கல்யாணத்தை எப்படிடா நடத்தறது?"

"இங்கயே நடத்துங்க மாமா. ஆயிலுக்கும் ஆச்சு, அக்கினிக்கும் ஆச்சு" என்றான் கொண்டல்சாமி.

அக்கா மகன் சந்தோஷமாகச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான். ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். "நேரம் போறது. எல்லாரும் வேன்கிட்ட வாங்கோ!"

வேன் ஓரத்தில் தாலி ஏறியது. அக்கினி அடியில் இருந்ததால், பெண்ணும் மாப்பிள்ளையும் கைகோத்து வேனையே மூன்று சுற்றுச் சுற்றினார்கள். ஐயர் போதும் என்றார்.

கல்யாணப் பெண் தவமணி நின்றாள். வேனை மேலும் கீழும் பார்த்தாள். இந்தக் கூட்டத்தில் எப்படிக் குடும்பம் நடத்துவது என்று அழப்போகிறாள் என்றே அவள் அப்பா நினைத்தார்.

"மூணு எப்படிச் சாமி போதும்? சக்கரம் நாலு இருக்குதே?" என்றாள்.

கொண்டல்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்ட பெண் யாருக்குக் கிடைக்கும்! கையை இறுகப் பிடித்துக்கொண்டு நாலாவது சுற்றையும் முடித்தான். சரி, சாப்பிடப் போகலாம் என்று கூட்டம் திரும்பியது.

"இருங்க, இருங்க" என்றாள் தவமணி. "ஸ்டெப்னி?"