அரசர் கழுத்தும் அரைக் கூலியும்

செவ்வந்திக் கோட்டையை ஆண்ட வீரகேசரிக்கு வாளைக் கண்டால் பயமில்லை. செலவைக் கண்டால்தான் கலங்கிவிடுவார். பொருளாளர் தாண்டவராயருக்கு இது நன்றாகத் தெரியும்.

ஒரு நாள் அவர் சபையில் எழுந்தார். "அரசே, அரண்மனை நாவிதர் சடையாண்டி வாங்கும் கூலியில் பாதிக்கே சவரம் செய்ய ஆள் இருக்கிறது. கடைவீதிக் குப்பமுத்து. அதே தாடி, அதே சவரம், பாதிக் கூலி!"

அரசர் முகம் மலர்ந்தது. "சடையாண்டியும் பாதிக்கு ஒப்புக்கொள்ளட்டும். இல்லையென்றால் நாளை குப்பமுத்து வரட்டும்."

இதைப் போய்ச் சொல்லும் வேலை அம்பலவாணர் தலையில் விழுந்தது. வாய்ச் சாமர்த்தியத்தாலேயே அவையில் இடம் பிடித்தவர் அவர். அவருக்கே இதைச் சொல்ல நாக்கு எழவில்லை. அரண்மனையே துரத்திவிட்ட நாவிதரை ஊரில் வேறு யார் கூப்பிடுவார்கள்? பாவம், சடையாண்டியின் பிழைப்பே போய்விடும்.

தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். சடையாண்டி கோபப்படவில்லை. கத்தியைத் தீட்டிக்கொண்டே கேட்டார். "குறைச்சுக்கலாம் சாமி. எதைக் குறைக்கட்டும்னு நீங்களே சொல்லுங்க. சாணை பிடிக்கறதையா, வெந்நீரையா?"

பேசியபடியே கத்தியைத் தன் இடது முன்கையில் ஓர் இழுப்பு இழுத்துப் பார்த்தார். அம்பலவாணர் அந்தக் கையையே பார்த்தார். வலது கையில் புசுபுசுவென்று முடி. இடது கை மொழுமொழுவென்று இருந்தது, ஆங்காங்கே பழைய கீறல்களோடு.

"ஒன்றையும் குறைக்க வேண்டாம். நாளைக் காலையில் பெட்டியோடு வந்து வாசலில் இரும்," என்றார்.

மறுநாள் குப்பமுத்து வந்ததும் அம்பலவாணர் அரசரிடம் போய்ப் பணிவாக நின்றார்.

"அரசே, சவரத்தின்போது சடையாண்டி ஊர்க்கதை பேசுவார். புதியவரிடம் பாதிக் கூலிக்குப் பேச்சையும் எதிர்பார்ப்பது நியாயமில்லை. அந்தக் குறையை நான் தீர்த்து வைக்கட்டுமா?"

இதற்குக் கூலி கிடையாது என்றதும் அரசருக்குப் பரம திருப்தி.

குப்பமுத்து அரசரின் முகவாயைத் தூக்கிப் பிடித்து, கழுத்தில் கத்தியை வைத்தார். தாண்டவராயர் பூரிப்போடு பக்கத்தில் நின்றார். அம்பலவாணர் பேச்சைத் தொடங்கினார்.

"காலையிலிருந்து நல்ல வேலையோ?"

"ஆமாங்க, சந்தை நாளாச்சே. கடைவீதி பூரா சிரைச்சுட்டுத்தான் வர்றேன்."

"எல்லாம் இதே கத்தியிலா?"

"வேற ஏதுங்க?"

"நடுவில் சாணை பிடித்தீரோ?"

"வாங்கற கூலிக்கு நாலு தலையைப் பார்ப்பனா, சாணையைப் பார்ப்பனா?"

அரசர் கண்ணை மட்டும் உருட்டினார். வேறு எதையும் அசைக்கும் நிலையில் அவர் இல்லை.

"அப்படியென்றால், கத்தி மழுங்கிவிட்டது உமக்கு எப்படித் தெரியும்?"

"அது கஷ்டமே இல்லீங்க. உட்கார்ந்திருக்கறவரு அலறுவாரு."

அரசர் ஒரு விரலை மெல்ல, மிக மெல்ல உயர்த்தினார். குப்பமுத்து கத்தியை எடுத்ததும்தான் அவருக்கு மூச்சே வந்தது. "சடையாண்டி எங்கே?"

வாசலிலேயே இருந்த சடையாண்டி வந்தார். வெந்நீரால் முகத்தை நனைத்தார். சாணை பிடித்தார். கத்தியைத் தன் முன்கையில் இழுத்துப் பார்த்தார். அதன் பிறகே அரசர் கழுத்தை நெருங்கினார். இத்தனை வருஷமும் இதைக் கவனிக்காத அரசர் இன்று கண் கொட்டாமல் கவனித்தார்.

"இருந்தாலும் இவர் கூலி இரண்டு மடங்குதானே?" என்று முனகினார் தாண்டவராயர்.

"உங்கள் கணக்கில் ஒரு பிழை," என்றார் அம்பலவாணர். முகத்தில் சிரிப்பே இல்லை. "கத்தி பதமா என்று பார்ப்பதும் ஒரு வேலை. சடையாண்டி அதைத் தன் கையிலேயே பார்த்துவிடுகிறார். குப்பமுத்து அதை அரசர் கழுத்திடம் ஒப்படைத்துவிட்டார். அரசர் பார்த்த அந்த வேலைக்குக் குப்பமுத்துவிடம் கூலி வாங்க மறந்துவிட்டீர்களே!"

"இனி அந்த வேலை தாண்டவராயருக்கு," என்றார் அரசர். "குப்பமுத்து தினமும் அவர் வீட்டுக்குப் போகட்டும். சடையாண்டி அதே கூலியில் இங்கேயே இருக்கட்டும்."

தாண்டவராயரின் கை தானாகத் தாடைக்குப் போனது. அதைப் பார்த்து அரசருக்குச் சிரிப்பு வெடித்தது.

சடையாண்டி சட்டென்று கத்தியை விலக்கிக்கொண்டார். அரசர் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தார். அதுவும் அந்தக் கூலியிலேயே சேர்த்தி.