வாய்கட்டிப் போன வாலம்மை

ஈயும் எறும்பும் பேசிய அந்தக் காலத்தில், ஈ முட்டைக்குள் இருந்தவர்களும் பேசினார்கள். கொஞ்சம் அதிகமாகவே பேசினார்கள்.

வழியில் எதிர்ப்பட்டவரை, "எங்கே போகிறாய்? என்ன சேதி?" என்று கேட்காமல் விடுவது அப்போது பெரிய மரியாதைக் குறைவு. கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் நகர்வது அதைவிடப் பெரிய குறைவு. பதில் என்றால் ஒப்புக்கு ஏதோ சொல்லிவிட்டுப் போவதல்ல. கொண்டுபோகும் சேதியை நின்று நிதானமாக, முதலிலிருந்து கடைசிவரை சொல்ல வேண்டும்.

முட்டைக்குள் எங்கு பார்த்தாலும் குஞ்சின் உடலைக் கட்டும் கொத்தர்கள் இருந்தார்கள். பெரியவன் ஒருவன், சின்னவன் ஒருவன் என்று ஜோடியாகத்தான் வேலை செய்வார்கள். சேதி கொண்டு வருகிறவள் நூல் மாதிரி நீளமாக இருப்பாள். சின்னவன் அவளை ஒரு பக்கம் பிடித்துக்கொள்வான், பெரியவன் மறுபக்கம் வந்து அணைத்துக்கொள்வான். அவள் சொல்லச் சொல்ல மணி மணியாகக் கோத்துக் கட்டுவார்கள். வாலைக் கட்டச் சொல்லும் சேதி என்றால் வால், தலையைக் கட்டச் சொல்லும் சேதி என்றால் தலை. காதில் விழுந்ததை, நின்ற இடத்திலேயே கட்டிவிடுவார்கள். இது இங்கே இருக்க வேண்டியதுதானா என்று யோசிக்கும் வழக்கம் அவர்களுக்கு இல்லை.

வினை அங்கேதான் இருந்தது. சேதிக்காரிகள் பிறப்பது முட்டையை ஒட்டிய செவிலியர் அறைகளில். அங்கிருந்து முட்டைக்குள் வர ஒரே ஒரு வாசல். அதுவும் தலை அமைய வேண்டிய பக்கத்தில். வால் சேதி கொண்டு வருகிறவளும் அந்த வாசல் வழியாகத்தான் வர வேண்டும். வந்ததும் வாசல் கொத்தர்கள் நலம் விசாரிப்பார்கள். அவள் சேதியைச் சொல்வாள். தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வால் முளைக்கும்.

அதனால் அந்தக் காலத்து ஈக்குஞ்சுகள் தலை இருக்க வேண்டிய இடத்தில் வாலோடு பிறந்தன. தாய் ஈ பழுத்த பலாச்சுளையாகத் தேடிப் பிடித்து முட்டையிடுவாள். வெளியே வரும் புழு தேனாக ஒழுகும் சுளைக்கு நடுவே வாயில்லாமல் நெளியும். சாப்பாட்டில் புரண்டுகொண்டே பட்டினியில் சாகும். தாய் ஈ அதைப் பார்த்து, "வாயில்லாமல் போயிற்றே" என்று அழுவாள். அந்த அழுகையில் அவள் வயிறு நடுங்கும். வயிற்றுக்குள் இருக்கும் அடுத்த முட்டையும் சேர்ந்து நடுங்கும்.

அந்த நடுக்கத்தைக் காலில் உணர்ந்தவன் ஈரடியான்.

ஈரடியான் ஒரு சுமைகாரன். அவனுக்குச் சொத்தென்று இரண்டு பாதங்களும் ஒரு முதுகும்தான். முட்டைக்குள் மூங்கில் போல உள்ளே துளையுள்ள பாதைகள் நீண்டு கிடந்தன. அவற்றின் மேல் ஒரு பாதத்தை ஊன்றிக்கொண்டு மறு பாதத்தைத் தூக்கி வைத்து நடப்பான். வாசலிலிருந்து கடைக்கோடியை நோக்கி மட்டுமே அவனுக்கு நடக்கத் தெரியும். ஓரடி பின்னால் வைக்க அவனால் முடியாது; எதிர்த்திசையில் நடக்கிற சுமைகாரர்கள்தான் அவனைத் திரும்ப வாசலில் கொண்டுவந்து விடுவார்கள். யாராவது "இறக்கு" என்று சொன்னால் இறக்குவான். ஏன் என்று கேட்டதில்லை.

கேட்காததுதான் அவனை அரித்துக்கொண்டிருந்தது. நான் சுமக்கிறவன், முதுகில் இருப்பது எங்கே போக வேண்டும் என்று கேட்க நான் யார் என்று ஓரடி வைப்பான். கேட்காமல் சுமந்ததனால்தானே அந்தக் குஞ்சுகள் வாயில்லாமல் போயின என்று அடுத்த அடி வைப்பான். கூட நடப்பவர்கள், "இவனுக்கு முதுகில் சுமை இல்லாவிட்டாலும் மண்டையில் இருக்கும்" என்று கேலி செய்வார்கள்.

ஒருநாள் வாசல் வழியே வாலம்மை வந்தாள். வால் சேதி கொண்டு வந்தவள். வாலோடு, அந்தக் குஞ்சு வளர்ந்து பிற்பாடு இடப்போகும் முட்டைகளுக்கான விதையும் அந்தச் சேதிக்குள்தான் இருந்தது. நல்ல வாயாடி. பிறந்த நேரத்திலிருந்து பேசிக்கொண்டே வந்திருக்கிறாள். அவளுடைய சேலைத் தலைப்பு மட்டும் அவள் சொல்ல வேண்டிய சேதியைவிட நீளமாக இருந்தது. எதற்கு இவ்வளவு நீளம் என்று அவளுக்கே தெரியாது. தரையில் இழுபட்டுக்கொண்டே வந்தது.

ஈரடியானைப் பார்த்ததும், "அண்ணே, உங்க முதுகு காலியா இருக்கே, ஏறிக்கவா?" என்றாள். பதிலுக்குக் காத்திராமல் ஏறிக்கொண்டாள்.

ஏறி உட்கார்வதற்குள் வாசல் கொத்தர்கள் வந்துவிட்டார்கள். பெரியவன் பெயர் பெருமணி, சின்னவன் சிறுமணி. வேலை கிடைக்காமல் கை ஊறிக்கொண்டிருந்தது அவர்களுக்கு.

"வாம்மா வா. எங்க கிளம்பிட்ட? என்ன சேதி?" என்றான் சிறுமணி, அவளைப் பிடித்துக்கொண்டே.

பெருமணி மறுபக்கம் அணைத்துக்கொண்டான். வாலம்மை மலர்ந்த முகத்தோடு சேதியைத் தொடங்கினாள். முதல் மணி கோத்தாயிற்று. அடுத்த மணி சேர்ந்தது. ஒரு சின்ன முனை, கூர்மையாக, பின்பக்கம் வளைந்து, வாசலடியில் தலைகாட்டியது.

ஈரடியானுக்கு அது என்னவென்று தெரிந்தது. அது வால்.

இன்னும் கொஞ்ச நேரம் இவள் பேசினால் இந்த முட்டையும் முடிந்தது. இறக்கிவிட்டுப் போய்விட்டால் பழி தன்னைச் சேராது. திரும்பி வந்து தூக்கிக்கொள்ளலாம் என்றாலோ, அவனுக்குத் தானாகத் திரும்பி வரத் தெரியாது.

அதுவரை யாரும் செய்யாத ஒன்றைச் செய்தான். தரையில் கிடந்த அவளுடைய சேலைத் தலைப்பை வாரி எடுத்தான். வளைத்துக் கொண்டுபோய் அவள் வாயைச் சுற்றிக் கட்டினான். மிச்சம் இருந்த நுனியைத் தன் முதுகோடு சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டான்.

பேச்சு நின்றது. கொத்தர்களின் பிடி நழுவியது. பெருமணி ஒரு பக்கமும் சிறுமணி ஒரு பக்கமுமாக விலகி விழுந்தார்கள்.

"என்னப்பா இது? சொல்லிட்டு இருக்கிற பொண்ணு வாயைக் கட்டுறே. பெத்தவங்க உனக்கு மரியாதை சொல்லித் தரலையா?" என்றான் பெருமணி.

ஈரடியான் பதில் சொல்லவில்லை. அதுவும் ஒரு மரியாதைக் குறைவு. ஒரு பாதத்தை ஊன்றி மறு பாதத்தை எடுத்து வைத்தான்.

வழிநெடுக இருந்த கொத்தர்களுக்குச் சேதி அவனுக்கு முன்பே போய்விட்டது. வாயைக் கட்டிக் கொண்டுபோகிறான் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். கடத்திக்கொண்டு போகிறான் என்றுகூட ஒருவன் சொன்னான். எங்கே போகிறாய், எங்கே போகிறாய் என்று இரண்டு பக்கமும் குரல்கள் நெருக்கின. அவன் தலையைக் குனிந்துகொண்டு நடந்தான்.

வெளியிலிருந்து வந்த ஏச்சைவிட உள்ளே ஓடியதுதான் அவனுக்குப் பாரமாக இருந்தது. சேதிக்காரிகளுக்கு ஆயுள் குறைவு. சேதியைச் சொல்லாமல் வைத்திருந்தால் அது உள்ளேயே மக்கிப் போகுமோ? முன்பக்கம் வால் வராமல் தடுத்தேன் என்று பெருமைப்பட்டு, பின்பக்கமும் வால் இல்லாமல் செய்துவிட்டேனோ? முதுகில் அசைவே தெரியவில்லை. அவ்வளவு பேசியவளிடமிருந்து ஒரு முனகல்கூட இல்லை. மூச்சுமுட்டிச் செத்திருப்பாளோ என்று நினைத்தபோது, அவன் தூக்கிய பாதம் ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. அவிழ்த்துப் பார்த்துவிடலாமா? ஆனால் அங்கேயும் இரண்டு கொத்தர்கள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். பாதத்தைக் கீழே வைத்தான். அடுத்ததைத் தூக்கினான்.

பாதை முடிந்தது. அதற்கு மேல் முட்டையின் ஓடுதான். கடைக்கோடி மூலை அமைதியாக இருந்தது. அங்கே இருந்த ஒரு ஜோடிக் கொத்தர்களுக்கு இதுவரை எந்தச் சேதியும் வந்து சேர்ந்ததில்லை. வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். என்ன கேட்பது என்றுகூட அவர்களுக்கு மறந்துபோயிருந்தது.

ஈரடியான் முடிச்சைத் தளர்த்தினான். தலைப்பின் நுனியை மூலையில் மாட்டினான், அவள் மிதந்து போய்விடாதபடி. வாய்க்கட்டை அவிழ்த்தான்.

வாலம்மை அசையவில்லை.

"தாயி," என்றான் ஈரடியான்.

அவள் கண்ணைத் திறந்து அவனை முறைத்தாள்.

"இவ்வளவு தூரம் ஒரு பேச்சுத் துணை இல்லாம வந்திருக்கேன். நடக்கும்போது நீங்க ஒரு பாட்டாவது பாடியிருக்கலாம் இல்லையா, அண்ணே?"

ஈரடியான் பாதையின் விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவன் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

சேதி மக்கியிருக்கவில்லை. பேசாமல் வந்ததால் அவள் தேயாமலே வந்திருந்தாள். கொத்தர்கள் இருவரும் அணைத்துக்கொள்ள, அவள் முதலிலிருந்து தொடங்கி ஒரு சொல் விடாமல் சொன்னாள். மணிகள் கோத்துக்கொண்டன. வால் இருக்க வேண்டிய இடத்தில் வால் வந்தது. அதன் பக்கத்தில், பின்னால் வரப்போகும் தலைமுறைகளுக்கான விதையும் வந்து உட்கார்ந்தது.

வாசலடியில் அரைகுறையாக நின்ற அந்த முனை, கட்டுவார் இல்லாமல் கரைந்து போயிற்று. பின்னாலேயே தலை சேதி கொண்டுவந்தவள், தன் இடம் வாசல்தான் என்பதால் அங்கேயே தங்கிவிட்டாள். கோபத்தில் இருந்த பெருமணியும் சிறுமணியும் அவள் சொன்னதைக் கேட்டுக் கேட்டுக் கட்டினார்கள். எதிரெதிர்த் திசைகளில் நடக்கிற சுமைகாரர்கள் இரு பக்கத்துப் பேச்சையும் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். வாசலில் வாய் வைத்த தலை ஒன்று தயாராகிவிட்டதாம், பார்க்கவும் லட்சணமாக இருக்கிறதாம். சிறுமணி ஒன்று சொல்லி அனுப்பியிருந்தான்: "அந்த மரியாதை இல்லாதவன்கிட்ட சொல்லுங்க, அடுத்த தடவை நானே முடிச்சுப் போட்டுவிடுறேன்."

ஈரடியான் அதைக் கேட்டு முதல் தடவையாகச் சிரித்தான்.

தாய் ஈ அந்த முட்டையைப் பலாச்சுளையின் மேல் இட்டாள். பக்கத்திலேயே பறக்காமல் உட்கார்ந்திருந்தாள். பார்க்கவும் பயம், போகவும் மனமில்லை. ஓடு பிளந்தது. ஒரு வெள்ளைப் புழு வெளியே வந்தது. முன்பக்கத்தில் கரும்புள்ளி மாதிரி ஒரு வாய். அது இப்படியும் அப்படியும் தலையை ஆட்டிப் பார்த்தது. பிறகு சுளையைக் கடித்தது.

தாய் ஈ இறக்கையைத் துடைத்துக்கொண்டாள். நெடுநேரம் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

சேதிக்காரியை இப்போது படித்தவர்கள், உயிரணுவுக்குள் புரதம் கட்டும் குறிப்பைக் கொண்டுபோகும் தூது ஆர்.என்.ஏ. என்கிறார்கள். ஈ முட்டையில் மட்டுமல்ல, மரத்தில், மீனில், நம் ஒவ்வொருவர் நரம்பிலும் அவளைப் போன்றவர்கள் தலைப்பில் ஒரு முடிச்சோடு, வாய் பொத்தி, சுமைகாரர்களின் முதுகில் போய்க்கொண்டிருக்கிறார்கள். முடிச்சைத் தொட்டே சுமைகாரன் போக வேண்டிய இடத்தை அறிந்துகொள்கிறான். யாரும் வழிமறிப்பதில்லை, சேர வேண்டிய இடம் சேர்ந்த பிறகே அவர்கள் வாய் திறக்கிறார்கள். நம் வீடுகளிலும் வாசல் தாண்டுகிறவரைப் பார்த்து "எங்கே" என்று கேட்க வாயெடுத்தவர்கள், பாதியில் அதை விழுங்கிக்கொண்டு, "போயிட்டு வா" என்று மட்டும் சொல்லப் பழகியது வாலம்மை வாய்கட்டிப் போன அந்த நாளிலிருந்துதான்.