கண் தெரியாதவரும் பியூலா சிஸ்டரும்

“எல்லாம் மனப்பாடமா இருக்கு மேடம். அங்கே போய் உட்கார்ந்ததும் பறந்துடுது. ஏன்?”

கேட்டவள் பியூலா. பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸ். அயர்லாந்தில் வேலை காத்திருந்தது. ஆங்கிலப் பேச்சுத் தேர்வு மட்டும் இரண்டு முறை காலை வாரிவிட்டது. மறுநாள் மூன்றாவது முறை. இதுவும் போனால் வேலையும் போய்விடும்.

ஆசிரியை ரிஸ்வானா அவளைவிட இளையவள்.

“தலைப்பு, நீங்க ஒருத்தருக்கு உதவி செஞ்ச நேரம். இரண்டு நிமிஷம். சொல்லுங்க சிஸ்டர்.”

பியூலா கண்ணை மூடிக்கொண்டு ஆங்கிலத்தில் ஒப்பித்தாள். கண் தெரியாத முதியவரைக் கைப்பிடித்து ரோட்டைக் கடக்க வைத்த கதை. ஒரு பிழை இல்லை.

“எந்த ரோடு?”

பியூலா விழித்தாள்.

“அவர் கை சூடா இருந்துச்சா, சில்லுன்னு இருந்துச்சா?”

பியூலா தன் உள்ளங்கையைப் பார்த்தாள்.

“இந்த வாரம் மட்டும் இங்கே படிக்கிற ஆறு பேர் அவரை ரோட்டைக் கடக்க வெச்சுட்டாங்க. பாவம், மனுஷன் களைச்சுப் போயிருப்பார்.”

ரிஸ்வானா எழுந்தாள். மின்விசிறியை நிறுத்தினாள். பையைத் தோளில் மாட்டினாள்.

“மேடம்! நாளைக்குப் பரீட்சை. இப்படி விட்டுட்டுப் போனா எப்படி?”

“நிஜமா நீங்க உதவி செஞ்ச ஆள் யாராவது உண்டா?”

பியூலாவுக்குச் சுர்ரென்று ஏறியது.

“பதினாறு வருஷமா நான் என்ன செய்றேன்னு நினைச்சீங்க? போன மாசம் ஒரு பிள்ளை அழாமப் பிறந்துச்சு. தாய்க்கு ரத்தம் நிக்கலை, டாக்டர் அங்கே. பிள்ளை என் கையில...”

“இங்கிலீஷ்ல.”

“வராது மேடம்.”

“வர்ற வரைக்கும் சொல்லுங்க.”

வந்தது. தட்டுத்தடுமாறி வந்தது.

பிள்ளை நீலமாக இருந்தது என்றாள். முதுகைத் தேய்த்தேன் என்பதற்குச் சொல் கிடைக்காமல் மேசையைத் தேய்த்துக் காட்டினாள். இறந்தகாலமும் நிகழ்காலமும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. ‘ஏன் சத்தமே இல்லை?’ என்று கட்டிலில் இருந்து தாய் கேட்டாள், நான் திரும்பவில்லை என்றாள்.

அங்கே நின்றுவிட்டாள்.

“எல்லாம் தப்புத் தப்பா வருது. இதுக்கு எத்தனை மார்க் போடுவாங்க மேடம்?”

ரிஸ்வானாவின் பை தோளிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அவள் குனிந்து எடுக்கவில்லை.

“மார்க்கை விடுங்க சிஸ்டர். பிள்ளை அழுதுச்சா?”